தண்ணீர் நிற்கும் துணி

மணவாளனின் கிடங்கில் ரோசம்மாள் துணியின் மேல் தண்ணீர் ஊற்றினாள்.

"யம்மா, யம்மா! இன்னா பண்றே?" மணவாளன் ஸ்டூலை விட்டு எழுந்தான். "எடைக்கு விக்கிற சரக்கு அது. நனைச்சிட்டா எவன் வாங்குவான்?"

"நனைஞ்சா நான் வாங்கல. நனையலன்னா வாங்கிக்கறேன்."

கும்மிடிப்பூண்டி ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் கிடங்கு. சிப்காட் கம்பெனிகளில் மிச்சமான துணி மூட்டையாக வந்து விழும். ரோசம்மாளும் அப்படி ஒரு கம்பெனியில்தான் செக்கிங்கில் இருந்தாள். குளிர்தேசத்துக்குப் போகும் ஜாக்கெட்டுகளைப் பன்னிரண்டு வருஷமாக விரலால் தடவிப் பார்க்கிற வேலை.

முதல் துணி நீலம். மெல்லிய ஃப்ளீஸ், செயற்கைக் கம்பளி. ஊற்றிய தண்ணீர் அப்படியே இறங்கி அவள் உள்ளங்கையை நனைத்தது. ஒதுக்கினாள். இரண்டாவது ரோஸ். பூனை வயிறு போல மெத்தென்று இருந்தது. விரல் முட்டியால் பத்து தடவை தேய்த்தாள். பஞ்சு உருண்டை உருண்டையாகத் திரண்டது. அதையும் ஒதுக்கினாள். மூன்றாவது சாணி நிறம். வெளிச்சத்துக்கு நேராக இழுத்துப் பிடித்தாள். இழுத்த இடத்தில் ஒளி புள்ளி விழவில்லை. தண்ணீர் ஊற்றினாள். சேம்பு இலையில் நிற்பதுபோல் நின்றது. கட்டைவிரலை வைத்து அழுத்தி இருபது எண்ணினாள். அடிப்பக்கம் காய்ந்தே இருந்தது.

பிறகு துணியை உதறி வாயில் வைத்து ஊதினாள். மூச்சு அந்தப் பக்கம் வந்து புறங்கையில் பட்டது.

"அய்ய, வாய வேற வெக்கிறியே. தரையில கெடந்த துணிம்மா."

"காத்து போவுதான்னு பாக்க வேணாமா? தண்ணி போவக்கூடாது, காத்து போவணும். பிளாஸ்டிக்குல காத்து போவாது. புண்ணு வந்துடுது."

"இன்னா தைக்கப் போறே? சொட்டரா?"

"டயப்பரு மேல போடற ஜட்டி."

"கொயந்தைக்கா? அதுக்கு எதுக்கு ரெண்டு மீட்டரு?" மணவாளன் துணியின் மறுமுனையைப் பிடித்து முழம் போட்டான். "எத்தினி கிலோ உன் கொயந்த?"

"அறுபத்தெட்டு கிலோ."

மணவாளன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"கம்பி மில்லுல கிரேன்லேந்து வுயுந்தாரே, அவுரா?"

"அவுருதான்."

"இன்னும் கீறாரா?"

"கீறாரு."

மணவாளன் துணியை விட்டான். விட்ட கையை லுங்கியில் துடைத்தான். மூட்டையிலிருந்து இப்போதுதான் பிரித்த துணி. இன்னும் யார் உடம்பிலும் படாதது. அப்படியும் துடைத்தான். இரண்டாம் தடவையும் துடைத்தான். ரோசம்மாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தராசில் போடும்போது அவன் குரல் இறங்கியிருந்தது. "ஒண்ணு சொல்றேன் கேளு. அத்த தோய்க்க சொல்ல வாசன தண்ணி ஊத்தாத. அந்த நீல பாட்டில்ல வருமே, அது. ஊத்துனா துணி மெத்துனு ஆயி தண்ணிய குடிச்சிடும். ரெயின்கோட்டுக்காரன் ஒருத்தன் மொத்த சரக்கையும் கெடுத்துக்கினான்."

"தெரியும்" என்றாள்.

எப்படித் தெரியும் என்று சொல்லவில்லை. வீட்டிலும் சொன்னதில்லை.

ஆடி மாசம் முதன்முதலாகத் தைத்தபோது கைக்கு மெத்தென்று இருந்த துணியாகப் பார்த்து எடுத்தாள். செக்கிங் டேபிளில் கற்ற புத்தி. மெத்தென்றிருந்தால் நல்ல துணி. நாற்றம் தெரியாமல் இருக்கட்டும் என்று வாசனைத் தண்ணியை இரண்டு மூடி ஊற்றி அலசினாள். அதைப் போட்டுத்தான் புருஷன் சின்னதுரையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். மருந்துச்சீட்டு வரிசையில் பெஞ்சில் உட்கார வைத்திருந்தாள். பெஞ்சுக்கு அடியிலிருந்து கோடு போல ஒன்று கிளம்பியது. அவசரப்படாமல் போய் எதிரில் இருந்த பொம்பளையின் செருப்பைத் தொட்டது. அவள் காலைத் தூக்கினாள். மல்லிகை வாசனையும் மூத்திர வாசனையும் கலந்து மேலே வந்தது. தனியாக இரண்டையும் தாங்கலாம். கலந்ததைத் தாங்க முடியாது.

சின்னதுரை இரண்டு நாள் பேசவில்லை. அந்த ஜட்டிகளைக் கத்தரியால் வெட்டி அடுப்புத்துணி ஆக்கினாள். மகள் சுகிர்தா கேட்டதற்கு, துணி சரியில்லை என்று மட்டும் சொன்னாள்.

*

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சுகிர்தாவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை ஜோஷ்வா அத்திப்பட்டு. அனல்மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் வேலை. ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் ஜெபிப்பார். பெண்ணின் அப்பா தட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

"நான் வரல" என்றான் சின்னதுரை. "தம்பி ஜெரால்டு குடுக்கட்டும்."

"நீ வரலன்னா எனக்கு நிச்சயமே வேணாம்" என்றாள் சுகிர்தா. சொன்னால் சொன்னபடி செய்கிறவள். இரண்டு பேருக்கும் அந்த விஷயத்தில் ஒரே ரத்தம்.

போக வர, ஆராதனை, தட்டு மாற்றுவது, சாப்பாடு. எப்படிக் கூட்டினாலும் மூன்று மணி நேரம். மூன்று மணி நேரம் அவன் காய்ந்து இருந்தால் கல்யாணம் உண்டு.

பெண் பார்க்க வந்தபோது நடந்ததை அவன் மறக்கவில்லை. ஜோஷ்வாவின் அம்மா மெர்சி வாசல்படியிலேயே கர்சீப்பை எடுத்தாள். உள்ளே வந்து உட்கார்ந்து, எழுந்து போகிறவரை அது மூக்கை விட்டு இறங்கவில்லை. டீ கொடுத்தார்கள். கீழே வைத்தாள். டீயில் ஏடு படிந்தது. அந்த ஏட்டில் ஈ விழுந்து காலை உதைத்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். யாரும் எடுக்கவில்லை. அவர்கள் போன பிறகு சுகிர்தா டம்ளரைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

மெர்சியின் புடவை மடிப்பில் அத்திப்பட்டுச் சாம்பல் இருந்தது. இங்கே ரோசம்மாளின் தெருவில் சாயங்காலமானால் காற்று திரும்பி ஆசிட் வாடை வரும். அது போனால் மில்லின் புகை. உலர்த்திய சோற்று வடகத்தில் கரித்தூள் ஒட்டும். பிள்ளைகள் சளி சிந்தினால் கறுப்பாக வரும். அதற்கு யாரும் கர்சீப்பு எடுப்பதில்லை.

*

நான்கு ஜட்டி தைத்தாள். அடிப்பக்கம் இரண்டு அடுக்கு. நடுவில் தையல் வரவிடவில்லை. ஊசி போன இடமெல்லாம் ஓட்டை. உள்ளே பழைய பருத்தி வேட்டியை எட்டாக மடித்து வைக்க வேண்டும். அது உறிஞ்சும். வெளியே இது தடுக்கும்.

புதன்கிழமை வேலைக்குப் போகுமுன் அவனைத் துடைத்துவிட்டாள். சின்னதுரை வழக்கம்போல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்ச்சி ஒன்றும் கிடையாது. மூத்திரக் குழாய் போட்டார்கள். காய்ச்சல் வந்தது. மறுபடி போட்டார்கள். மறுபடி காய்ச்சல். எடுத்துவிட்டார்கள். மருந்துக்கடை டயப்பரின் பிளாஸ்டிக்கால் பின்புறம் புளியங்கொட்டை அளவுக்குப் புண் வந்திருந்தது. ஓரம் வெளுத்து, நடுவில் ஈரமாக. ரோசம்மாள் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு துடைத்தாள். ஒன்றரை வருஷம் ஆகியும் பழகவில்லை. பழகிவிடும் என்று சொன்னவர்கள் யாரும் செய்து பார்த்தவர்கள் இல்லை.

புது ஜட்டியை மாட்டினாள்.

"இன்னா கலரு இது. சாணி."

"அயுக்கு தெரியாது."

"சர்க்கஸ் கூடாரம் மாதிரி கீது."

"மேல வேட்டி கட்டப் போறே. ஒன்ன யாரு அவுத்துப் பாக்கப் போறாங்க?"

"மூணு மணி நேரம் தாங்குமா?"

"தாங்கும்."

"ஆஸ்பத்திரிக்கு போக சொல்லவும் இத்தத்தான் சொன்னே."

"அது வேற துணி."

"எல்லாம் துணிதான்." அவன் முகத்தைத் திருப்பினான். "தண்ணி ஊத்திப் பாத்தேன், ஊதிப் பாத்தேன்னு கத சொல்றியே. தண்ணி சும்மா நிக்கும். ஆளு ஒக்காந்தா தெரியும். நீ போட்டுக்கினு ஒக்காந்து பாத்தியா?"

அவள் அவன் வேட்டியை இழுத்துவிட்டாள்.

"போட்டுப் பாரு ரோசு. போட்டுக்கினு, அதுலயே வுட்டுக்கினு, மூணு மணி நேரம் இருந்து பாரு. அப்பறம் வந்து தாங்கும்னு சொல்லு. நான் வரேன்."

வலிக்கட்டும் என்று சொன்னதுதான். அவள் அழுக்குத் துணியைப் பக்கெட்டில் போட்டாள். கை கழுவினாள். சாப்பாட்டுப் பையில் ஒரு ஜட்டியை மடித்து வைத்தாள்.

*

அன்றைக்கே கம்பெனியில், லைனில் நிற்குமுன், உள்ளே வேட்டி மடிப்பு வைத்து அந்த ஜட்டியை மாட்டிக்கொண்டாள். அப்புறம் பாத்ரூம் டோக்கன் எடுக்கவில்லை. ஒரு லைனுக்கு இரண்டே டோக்கன். எடுக்காதவர்களைச் சூப்பர்வைசருக்குப் பிடிக்கும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்தாள்.

இரண்டே முக்காலுக்கு முட்டியது. விட்டுவிட நினைத்தாள். உடம்பு விடவில்லை. நாற்பத்தாறு வயசு உடம்பு. பேச்சு வருவதற்கு முன்னால் கற்ற பாடத்தை இப்போது மறக்கச் சொன்னால் மறக்குமா? கையில் சிவப்பு ஜாக்கெட். காலரில் நூல் பிசிறு. பிசிறை வெட்டினாள். அடுத்த ஜாக்கெட். வயிறு கல்லாக இருந்தது. கண்ணை மூடினாள்.

"இன்னா ரோசம்மா, ஒடம்பு சரியில்லியா?" சூப்பர்வைசர் பின்னால் நின்றான்.

"இல்ல சார்."

அந்த 'சார்' என்ற சொல்லோடு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. சூடாக, நிறைய. அவன் நின்றுகொண்டிருந்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பெய்தாள்.

அவன் போனான். தரையைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

எச்சிலை விழுங்கினாள். பத்து நிமிஷத்தில் சூடு போய்க் குளிர்ந்தது. குளிர்ந்த பிறகு அரித்தது. தொடை ஒட்டிப் பிரிந்தது. நூற்றுநாற்பது பொம்பளைகளுக்கும் வாடை போகிறது என்று நினைத்தாள். இஸ்திரி ஆவிதான் வந்துகொண்டிருந்தது. யாரும் திரும்பவில்லை. தன் உடம்பை உரித்து டேபிள்மேல் வைத்துவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

அவனுக்கு இந்தச் சூடு தெரியாது. இந்தக் குளிர் தெரியாது. அரிப்பு தெரியாது. நாற்றம் மட்டும்தான் தெரியும். அதுவும் எதிரில் இருப்பவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

அஞ்சரைக்குக் கம்பெனி பஸ். உட்கார வேண்டும். உட்கார்ந்தால்தான் கணக்கு. பச்சையம்மாவுக்குப் பக்கத்தில், ஜன்னலோரம், முழு எடையையும் கொடுத்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒரே லைன்.

"இன்னாக்கா, ஆணி மேல ஒக்கார மாதிரி ஒக்கார்ற?" என்றாள் பச்சையம்மா. "டோக்கனும் எடுக்கல. மூலமா?"

"கம்முனு இரு."

"மூலம்னா சொல்லு, துத்தி எல எட்தாறேன். எங்க மாமியாருக்கு..."

"மூத்தரம் பேஞ்சிக்கினு ஒக்காந்துகினு கீறேன்."

பச்சையம்மா சிரிக்க வாயைத் திறந்தாள். ரோசம்மாளின் முகத்தைப் பார்த்து மூடினாள். "எங்க?"

"இங்கதான். இதுலதான். மூணு மணிலேந்து."

"சீ!" பச்சையம்மா நகர்ந்தாள். பஸ்ஸில் நகர இடமில்லை. "இன்னாக்கா கர்மம் இது?"

ரோசம்மாள் சொன்னாள். துணி, ஞாயிற்றுக்கிழமை, அவன் கேட்டது. சொல்லி முடிக்கும்போது பஸ் பைபாஸைத் தாண்டியிருந்தது. பச்சையம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பெருமாள் கும்பிடுகிறவள். வெள்ளிக்கிழமை மீன் வாடை பட்டாலே குளிக்கிறவள்.

ஆறேகாலுக்கு ரோசம்மாள் எழுந்தாள். பச்சையம்மா கையை நீட்டி அவள் உட்கார்ந்திருந்த ரெக்சினைத் தடவினாள். உள்ளங்கையால், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை.

"கையப் போயி வெக்கிறியேடி!"

"காஞ்சி கீதுக்கா" என்றாள் பச்சையம்மா.

வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் அதை மட்டும் தனியாகத் துவைத்தாள். சவுக்காரம், பிறகு வெறும் தண்ணீர். அவன் மூத்திரத் துணிகளோடு தன்னுடையதைச் சேர்த்துப் போட மனம் வரவில்லை. அப்படி நினைத்ததும் தன்மேலேயே அருவருப்பு வந்தது. அப்படியும் சேர்க்கவில்லை. தனியாக உலர்த்தி, சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்தாள்.

உள்ளே போனாள். "தாங்குச்சி. மூணேகா மணி நேரம்."

சின்னதுரை அவளைப் பார்த்தான். "நெஜமா போட்டியா?"

"போட்டேன்."

"சீ" என்றான். பிறகு, "வெள்ள சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்லு" என்றான்.

*

சனிக்கிழமை அவளுக்கு ஓவர்டைம். ஞாயிறு விடிந்ததும் தட்டுகளும் சாப்பாட்டுப் பையுமாக முன்னால் சர்ச்சுக்குப் போய்விட்டாள். சின்னதுரையைத் தயார்செய்து ஜெரால்ட் தன் ஆட்டோவில் கொண்டுவருவதாக ஏற்பாடு.

ஆட்டோ கேட்டுக்குள் திரும்பியது. நிற்பதற்கு முன்னால் வாசனை வந்துவிட்டது.

மல்லிகை. ரோசம்மாளின் கால் நின்றது.

வெள்ளைச் சட்டை, கரைவேட்டி, சீவிய தலை. சின்னதுரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். ஒன்றரை வருஷத்தில் அவனை அப்படிப் பார்க்கவில்லை. பக்கத்தில் பட்டுப்புடவையில் சுகிர்தா.

"சுகிர்தா. எதுல தோச்சே?"

"நீ ஓவர்டைமு போயிருந்தியே, நாந்தாம்மா எல்லாத்தியும் தோச்சேன். மூணு ஜட்டி, வேட்டி, சட்ட, எல்லாம். அந்த நீல பாட்டிலு, நாலு மூடி." அவள் கண் பளபளத்தது. "நல்லா வாசனையா கீதில்ல? இன்னிக்கி அந்தம்மா கர்சீப்பு எடுக்கட்டும், பாக்கறேன்."

திட்ட வாய் வந்தது. திட்டவில்லை. ஆடி மாசத்தில் நடந்ததை அவளிடம் சொல்லாதது யார்?

"ஜெரால்டு, பாஸ்டர் ரூமுக்கு தூக்கு. சீக்கிரம்."

"இன்னா அண்ணி, ஆராதன ஆரம்பிக்கப் போவுது."

"தூக்கு."

மேஜைமேல் படுக்க வைத்தார்கள். வேட்டியை விலக்கினாள். சாணி நிறம் ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருந்தது. வந்த வழி இருபது நிமிஷம். வேட்டிக்கு இன்னும் ஒரு விரக்கடைதான். மேஜைமேல் இருந்த சொம்புத் தண்ணீரைக் காய்ந்த ஓரத்தில் ஒரு சொட்டு விட்டாள். விழுந்த இடத்திலேயே காணாமல் போனது.

சின்னதுரைக்குப் புரிந்துவிட்டது. "ஊட்டுக்கு கொண்டுபோயிடு" என்றான். "ஜெரால்டு, எனக்கு மயக்கம் வந்துச்சின்னு சொல்லு."

ரோசம்மாள் சாப்பாட்டுப் பையைத் தலைகீழாகக் கொட்டினாள். டப்பா, டோக்கன் அட்டை, மாத்திரை, பழைய வேட்டி மடிப்பு. அடியில் அது.

துடைத்தாள். மடிப்பை வைத்தாள். மாட்டினாள். சின்னதுரை மூக்கை உறிஞ்சினான்.

"இது எது? இதுல வாசன இல்ல."

"நான் போட்டது."

ஜெரால்ட் சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தான்.

"தோச்சியா?" என்றான் சின்னதுரை.

"தோய்க்காம? வா. மணி அடிச்சிட்டாங்க."

*

ஆராதனை நீண்டது. பாஸ்டருக்கு அன்றைக்குக் குரல் நன்றாக இருந்தது. முதல் வரிசையில், மடக்கு நாற்காலியில், சின்னதுரை வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரோசம்மாள் பாட்டுப் புத்தகத்தைப் பார்க்காமல் நாற்காலிக்கு அடியில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிமென்ட் தரை. ஓர் எறும்பு போனது. காய்ந்த தரையில் போனது.

தட்டு மாற்றினார்கள். வேதாகமம், பழம், பூ, புடவை. சின்னதுரை தூக்கிய தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரு சாத்துக்குடி உருண்டது. ஜோஷ்வா குனிந்து பிடித்துத் தட்டில் வைத்து, தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். மெர்சி பக்கத்தில் வந்து நின்றாள். மூச்சை இழுத்தாள்.

"சம்பந்தி வாசனையா கீறாரே" என்றாள் சிரித்து. கர்சீப்பு இடுப்பில் இருந்தது.

சட்டையிலிருந்து வந்த மல்லிகை. மூத்திரத்தைத் துடைக்கும்போது விடுவதுபோல், ரோசம்மாள் வாயால் மூச்சு விட்டாள்.

சாப்பாட்டுக்கு முன்னால் சம்பந்திகள் ஒருவருக்கொருவர் லட்டு ஊட்டிக்கொள்வது அங்கே வழக்கம். பொம்பளைகள் சுற்றிக்கொண்டார்கள். போன்கள் மேலே எழுந்தன. மெர்சி லட்டில் ஒரு துண்டு கிள்ளி ரோசம்மாளின் வாயில் வைத்தாள். விரல் உதட்டில் படாமல், நகத்தால் தள்ளினாள். பிறகு தட்டை ரோசம்மாளிடம் கொடுத்தார்கள்.

அந்த நேரம் சின்னதுரை புருவத்தைத் தூக்கினான். பார் என்று அர்த்தம். மூன்று மணி நேரம் முடிந்து ஐந்து நிமிஷம்.

ரோசம்மாள் தட்டை இடக்கைக்கு மாற்றினாள். குனிந்து, வலக்கையை நாற்காலிக்கும் அவன் வேட்டிக்கும் நடுவில் விட்டு, அடியில் தடவினாள். புறங்கையால் ஒரு தடவை. உள்ளங்கையால் ஒரு தடவை. கையை எடுத்தாள்.

"இன்னா?" என்றான் உதட்டை அசைக்காமல்.

"காஞ்சி கீது."

அவன் முதுகைச் சாய்த்தான்.

நிமிர்ந்தாள். மெர்சி அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் பிடித்திருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. மெர்சிக்குத் தெரிந்தது. அவள் கை இடுப்பில் கர்சீப்பைத் தேடியது.

"ஊட்டுங்க, ஊட்டுங்க" என்றது கூட்டம்.

ரோசம்மாள் அந்தக் கையாலேயே லட்டைப் பிட்டாள். பெரிய துண்டு.

மெர்சி சிரிப்பை மாற்றாமல், தலையை மட்டும் முன்னால் கொண்டுவந்து கிசுகிசுத்தாள். "சம்பந்தி, கைய கயுவிக்கினு வந்துடுங்களேன்."

"காஞ்சிதான் கீது சம்பந்தி" என்றாள் ரோசம்மாள் சத்தமாக. "வாயத் தொறங்க."

மெர்சி போன்களைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். சுகிர்தா கூட்டத்துக்கு நடுவில் நின்று அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெர்சி கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். விளக்கெண்ணெய் குடிக்கிற பிள்ளையைப் போல.

ரோசம்மாள் விரல் பட ஊட்டினாள். தொண்டை ஒரு தடவை ஏறி இறங்குகிறவரை கையை அங்கிருந்து எடுக்கவில்லை.